ஏமாறாமல் ஊர் பார்த்தவர்

பெய்ஜிங்குக்கு ஊர் பார்க்க வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வருவது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் குதிகால் உரிந்துவிடும். மூன்றாம் நாள், மூன்று சக்கர வண்டிக்காரன் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். வெளியூர்க்காரரை எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். நான் காலைப் பார்ப்பேன்.

நடந்ததை நடந்தபடி, அவசரமில்லாமல் சொல்லுங்கள் என்றீர்கள். நல்லது. முப்பத்து நான்கு வருஷம் நடுநிலைப் பள்ளியில் புவியியல் நடத்தியவளுக்கு அவசரம் பழக்கமில்லை. யாரும் கவனிக்காத வகுப்பில் பேசிக்கொண்டே போவதும் பழக்கம்தான். நீங்கள் குறிப்பெடுக்கிறீர்கள். அதுவே பெரிய மரியாதை.

என் பெயர் வென் ஜூமெய். வயது அறுபத்து மூன்று. சியன்மென் பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாகக் குடியிருக்கிறேன். ஓய்வு பெற்ற மறுமாதமே, காலையில் தெருமுனைக்கு வந்து நிற்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் பேச ஆளில்லை. தெருவில் நிற்பவர்களோ பேசிப் பிழைப்பவர்கள்.

தேநீர்ப் பெண்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருவர் இருவராக வருவார்கள். ஒரு படம் எடுத்துக் கொடுங்கள் என்று தொடங்கி, பக்கத்திலேயே நல்ல தேநீர்க் கடை இருக்கிறது என்று முடிப்பார்கள். அங்கே ஒரு கோப்பை குடித்தால், ஊருக்குத் திரும்பும்வரை வேறெதுவும் குடிக்க முடியாது. ஓவியக் கல்லூரி மாணவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுடைய இறுதியாண்டுக் கண்காட்சி ஆறு வருஷமாக இன்றோடு முடிகிறது. அதில் ஒருவனுக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னும் பட்டம் வாங்கவில்லை. பிறகு, தாயத்தோடு வரும் துறவிகள். மூன்று என்று விரல் காட்டி ஏற்றி, இறக்கும்போது அதற்கு முந்நூறு என்று பொருள் சொல்லும் வண்டிக்காரர்கள்.

இவர்களிடமிருந்து எத்தனை பேரைக் காப்பாற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் தலையைக் கண்டாலே, "வென் டீச்சர் வந்துட்டாங்கடி, நகரு" என்று முணுமுணுப்பார்கள். தெருக் குழுவில் இரண்டுமுறை பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். உங்கள் போலீஸ் நிலையத்திலிருந்தும் ஒருமுறை பூங்கொத்து வந்தது. அது உங்கள் காலத்துக்கு முன்பு.

குவான் ஷிலினை அப்படித்தான் சந்தித்தேன். செப்டம்பர் கடைசி வாரம், விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்பு. கான்சு மாகாணத்துத் தியன்ஷுய் ஊர்க்காரர், அறுபத்தெட்டு வயது, பளபளவென்று வெள்ளை ஷூ. இரண்டு பெண்கள் அவரை நடுவில் விட்டு நின்றிருந்தார்கள்.

"பெரியப்பா, நீங்க நடிகரா? எங்கயோ பாத்த மொகமா இருக்கு."

"ரயில்ல போறப்போ பாத்திருப்பம்மா. முப்பத்தாறு வருஷம் ஒரே ஸ்டேஷன்ல கொடி புடிச்சிட்டு நின்னவன் நான்."

"ஐயோ, என்ன தமாஷா பேசறீங்க! வாங்களேன், ஒரு வாய் டீ குடிச்சிட்டே பேசலாம்."

நான் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணே, இவங்க கூட்டிட்டுப் போற கடையில தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி பில்லு கொதிச்சிடும்," என்றேன். பிறகு உயரமானவளிடம், "போன வாரம் ஹார்பின்லேர்ந்து வந்திருக்கேன்னியே, இந்த வாரம் எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டேன்.

"டீச்சர், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இல்லம்மா. ரிடையர் ஆயிட்டேன்."

அவர்கள் போனதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏமாத்துன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா என்னை நடிகர்னு சொல்லி பதினோரு வருஷம் ஆச்சு. கடைசியா சொன்னவ என் சம்சாரம், அதுவும் கண்ணாடி போடாம சொன்னா. இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு நகரலாம்னு இருந்தேன். கெடுத்துட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சுலபத்தில் சிரிக்கிற ஆள் இல்லை. வேண்டுமானால் சந்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவர் நின்ற ஸ்டேஷன் வழியாகத்தான் பெய்ஜிங் ரயில் போகும். முப்பத்தாறு வருஷம் அதற்குப் பச்சைக்கொடி காட்டியிருக்கிறார். ஒருநாள்கூட ஏறியதில்லை. மனைவி இறந்து இரண்டு வருஷம். நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் மகள் சூச்சின்தான் பிடிவாதமாக டிக்கெட் எடுத்து, ஷூவும் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு போட்டி. தெருவில் யார் ஏமாற்றுக்காரர் என்று முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு புள்ளி. கோயில் வாசலில் நின்ற துறவி எனக்கு. அரசர் உடுப்பு மாட்டிப் படம் எடுப்பவன் எனக்கு. பச்சைக்கல் கடைக்காரனை நான் சொல்வதற்குள், அவனே அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான்.

"நீங்களும் குவானா! நானும் குவான்தான் அண்ணே! எங்க தாத்தா உங்க ஊர்ப்பக்கம்தான்! சொந்தக்காரங்கிட்ட லாபம் பாப்பேனா?"

"அப்படியா தம்பி? எங்க தாத்தாகிட்ட ஒரு குடும்பம் கடன் வாங்கிட்டு ராவோட ராவா பெய்ஜிங்குக்கு ஓடிப்போச்சுன்னு சொல்வாங்க. அது நீங்கதானா?"

கடைக்காரன் கையை விட்டான். அந்தப் புள்ளி அவருக்கு.

பர்ஸ் தொலைந்துவிட்டது என்று மெட்ரோ வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்ணை நானே நம்பிவிட்டேன். அவர்தான் காதருகில் வந்து, "கண்ணீர் நெஜம் டீச்சர், ஆனா நகத்தைப் பாருங்க, நேத்துதான் பூ வரைஞ்சிருக்கா," என்றார். இரவு அறைக்குப் போனதும் மகளுக்கு எல்லாவற்றையும் குரல்பதிவாக அனுப்புவார். எள் சாந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே ஒன்றை எனக்கும் போட்டுக் காட்டினார். "டீச்சர் மாதிரி ஒரு ஆள் கூட இருந்தா பெய்ஜிங்கே நம்ம வீட்டுக் கொல்லை மாதிரி இருக்கும்மா," என்று அதில் சொல்லியிருந்தார். நான் நூடுல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை நான் சொன்னது எதிலும் பொய் இல்லை. இனிச் சொல்லப்போவதிலும் இருக்காது. ஆனால் உங்கள் பேனா கொஞ்சம் வேகமாக ஓடும்.

எங்கள் சந்திலிருந்து மூன்றாவது சந்தில், மூலிகைக் கடைக்கு மேலே, தோங் வைத்தியர் இருக்கிறார். சுவர் முழுக்கச் சிவப்புப் பட்டில் நன்றி வாசகங்கள். முன்பு குளியல் விடுதியில் கால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். நல்ல கை. என் முழங்கால் வலியை அவர்தான் சரிசெய்தார். பண்டிகைக்கு அரிசியும் எண்ணெய் டின்னும் கொடுத்தனுப்புவார். மாதம் ஒரு உறையும் வரும். அதைப்பற்றித் தனியாக எழுதித் தருகிறேன், அது அவ்வளவு முக்கியமில்லை.

நான் யாரையும் அவரிடம் கூட்டிக்கொண்டு போனதில்லை. அவர்களேதான் கேட்பார்கள். முதல் நாள் பேச்செடுத்தால் நான் தேநீர்ப் பெண்ணாகிவிடுவேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறினால் போதும். "இந்த வயசுல எப்படி டீச்சர்?" என்று அவர்கள் வாயிலிருந்தே வரும். ஒரு வைத்தியர் இருக்கிறார், ஆனால் புது ஆட்களைப் பார்ப்பதில்லை என்பேன். மறுபடி கேட்பார்கள். மறுபடி மறுப்பேன். தெருவில் ஆள் பிடிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு இது புரிவதே இல்லை. எல்லோரிடமும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிக்கொடுத்தவரிடம் மட்டும் மனிதர்கள் எச்சரிக்கையாக இருக்கமாட்டார்கள்.

குவான் இரண்டாவது மறுப்புக்கே கெஞ்சத் தொடங்கிவிட்டார். அவருக்கு இதயத்தில் கோளாறு. காலையும் மாலையும் இரண்டிரண்டு மாத்திரை. அதுபோக, மார்பு இறுக்கினால் நாக்குக்கடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பழுப்புப் பாட்டில். பயணத்துக்கென்று மகள் புதிதாக வாங்கிக் கொடுத்தது, சட்டைப் பையிலேயே இருக்கும்.

தோங் வைத்தியர் நாடியில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெரிய எழவு ஒண்ணு நடந்திருக்கே. அன்னையிலேர்ந்து இடப்பக்கமா படுத்தா தூக்கம் வரல," என்றார். குவானின் கண்கள் நிறைந்துவிட்டன. முந்தின நாள் ஏரிக்கரையில் அவர் என்னிடம் சொன்னதுதான் அது. நான் சாயங்காலம் வைத்தியரிடம் சொல்லியிருந்தேன். நோயாளியைப் பற்றி வைத்தியருக்குத் தெரிந்திருப்பதில் என்ன தவறு?

பெரிய ஆஸ்பத்திரி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருப்பதாகவும், நாற்பது நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் வெந்நீரில் குடிக்க வேண்டுமென்றும் வைத்தியர் சொன்னார். குவான் சம்மதித்தார். பழுப்புப் பாட்டிலில் மட்டும் கை தயங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. இது ஏமாத்து இல்லையே?"

"ஏமாத்தா இருந்தா நான் உங்களை இங்க கூட்டிட்டு வருவேனா அண்ணே?"

கவனித்தீர்களா? நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். மாத்திரை அட்டைகளையும் பாட்டிலையும் என் கையில் திணித்தார். "நீங்களே வச்சிக்குங்க. என்கிட்ட இருந்தா கை அரிக்கும்."

இவருக்கு முன்பு எத்தனை பேர் என்று கேட்டீர்கள். ஏழு வருஷத்தில் அறுபது, எழுபது இருக்கலாம். ஒருவர்கூடப் புகார் கொடுத்ததில்லை. புத்தாண்டுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறவர்கள் அவர்கள். சிலரிடமிருந்து வாழ்த்து வருவது நின்றுவிட்டது. வயதானவர்கள், மறந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் பெருஞ்சுவருக்குப் புறப்பட்டார். என்னையும் கூப்பிட்டார். அதுவரை யாரோடும் நான் அவ்வளவு தூரம் போனதில்லை. தோங் வைத்தியரிடம் போய்வந்த பிறகு அவரவரை அவரவர் வழிக்கு விட்டுவிடுவேன். ஆனால் அவர், "எட்டுக்கு எட்டு டீச்சர். கடைசிப் புள்ளிக்கு பயந்துட்டீங்களா?" என்றார். வேகவைத்த முட்டையும் எள் ரொட்டியும் கட்டிக்கொண்டு போனேன்.

தெஷெங்மென் பஸ் நிறுத்தத்தில் நீலச் சட்டையும் அடையாள அட்டையுமாக ஒருவன் ஓடி வந்தான்.

"பெரியப்பா, பெருஞ்சுவர் பஸ்ஸு இன்னைக்கு ஓடாது. ரோட்டுல ரிப்பேரு. நம்ம வண்டி இருக்கு, வாங்க."

நான் வாயே திறக்கவில்லை. குவான் அவன் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நானும் முப்பத்தாறு வருஷம் யூனிபார்ம் போட்டவன். அரசாங்கத்துல தைக்கற சட்டை ஒருநாளும் ஒடம்புக்குப் பொருந்தாது. உனக்கு அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கே?"

அவன் பின்னால் பஸ் வந்து நின்றது. ஒன்பதுக்கு எட்டு. வழி முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

நல்ல வெயில். வடக்கு நான்காம் கோபுரத்துக்குப் போகும் படிகள் செங்குத்தானவை என்று உங்களுக்குத் தெரியும். பாதியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை. நான் தண்ணீர் கொடுத்தேன். ஷான்டோங்கிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆள் கூப்பிடக் கீழே ஓடினாள். தூக்குப்படுக்கை வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார். மாரடைப்பு என்று மருத்துவமனையில் எழுதினார்கள். வயதும் படியும் காரணமென்று அங்கிருந்த எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பன்னிரண்டு நாள் கழித்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள் சூச்சின். கையில் ஒரு பெட்டி ஆப்பிள், அவர்கள் ஊர் ஆப்பிள், கருஞ்சிவப்பாக இருக்கும். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"டீச்சரம்மா, அப்பா ஃபோன்ல உங்களைப் பத்தியேதான் பேசுவாரு. கடைசி நேரத்துல தனியா இல்லாம உங்க பக்கத்துல இருந்தாரே, அது போதும் எங்களுக்கு."

உட்கார வைத்துத் தேநீர் போட்டேன். அவள் அப்பாவின் குரல்பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். பச்சைக்கல் கடைக்காரன், நகத்தில் பூ வரைந்தவள், எல்லோரும் வந்தார்கள். இருவருமே சிரித்தோம். அவள் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மருந்தையெல்லாம் உங்ககிட்ட குடுத்துட்டேன்னாரு. நான் கன்னாபின்னான்னு திட்டினேன். மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டரைக் கேக்காம எவனோ சொன்னான்னு நிறுத்துவீங்களா, நாளைக்கே அந்த பாட்டிலையாவது திருப்பி வாங்குங்கன்னேன். சரின்னாரு. கடைசில மாத்திரையை நீங்கதான் நாக்குக்கடியில வச்சிருப்பீங்க, இல்லையா டீச்சரம்மா? என்ன வச்சும் அவரு நேரம் அவ்ளோதான். அந்த பாட்டில் மட்டும் ஆஸ்பத்திரியில குடுத்த சாமான்ல இல்ல. உங்ககிட்ட இருந்தா குடுங்க. நான் அவருக்குக் கடைசியா வாங்கிக் குடுத்தது அது."

பிறர் பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவள் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். மூடியைச் சுற்றியிருந்த முத்திரைத் தாள் கிழியவில்லை. நான் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா கேட்டாரா?"

"இல்லம்மா," என்றேன்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். ஆப்பிள் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். புத்திசாலிப் பெண்.

அவளிடம் நான் சொன்னது சரியில்லை. அதைத் திருத்தத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். அவர் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

முதல்தடவை பஸ்ஸில். "பொண்ணு காய்ச்சி எடுத்துட்டா டீச்சர், அந்த பாட்டிலை மட்டும் குடுத்துடுங்களேன்," என்றார். வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். அது என் மடியில் இருந்த கைப்பையில் இருந்தது. நாற்பது நாள் கணக்கில் இரண்டு நாள்கூட முடியவில்லை. திருப்பிக் கொடுத்தால், வைத்தியர் சொன்னதில் எனக்கே நம்பிக்கை இல்லை என்றாகிவிடாதா?

இரண்டாவது தடவை படிக்கட்டில். கை மார்பின்மேல் இருந்தது. "டீச்சர், பையில பாருங்க. ஒருவேளை இருக்கும்." பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டேன். பாட்டில் விரலில் தட்டியது, சில்லென்று இருந்தது. அதை வெளியே எடுத்தால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். முதலில் பாட்டிலைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். அவர் கெட்டிக்காரர். நகத்தைப் பார்த்தே அழுகையை அளந்தவர். கடைசிப் புள்ளியை அப்போதே எடுத்துவிடுவார்.

அந்த நாலு நாள் அவர் என்னைப் பார்த்த மாதிரி, முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என்னைப் பார்த்ததில்லை. நான் வெறும் கையை வெளியே எடுத்தேன். "இல்ல அண்ணே. பொடி வேலை செய்யுது, அதான் இப்படி. கொஞ்சம் மூச்சை இழுத்து விடுங்க," என்றேன். அவர் இழுத்துவிட்டார். நான் சொன்னதையெல்லாம் செய்தார்.

எவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். கல்லூரிப் பெண் போய்த் திரும்புகிற நேரம். பத்து, பன்னிரண்டு நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரமும் என் கை அந்தப் பைமேல்தான் இருந்தது. முடிவில் அவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். குரலே எழும்பவில்லை. ஆனாலும் கேலி போகவில்லை.

"ஊருக்குப் போயி சொல்லிக்கலாம் டீச்சர். ஒருத்தன்கிட்டயும் ஏமாறல."

"ஒருத்தர்கிட்டயும் ஏமாறல அண்ணே," என்றேன்.

எழுதிக்கொண்டீர்களா? ஒருவரும் தன்னை ஏமாற்றவில்லை என்ற நிம்மதியோடு அவர் போனார். அந்த நிம்மதியை அவருக்குக் கொடுத்தவள் நான். சூச்சின் அதற்காவது ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம்.